பம்பருக்கு அடிக்கிற தின்னர்

என் கடையில் நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குகிற சரக்கு எதுவும் கிடையாது. பெயிண்ட், தின்னர், பட்டி, உப்புத்தாள், பிரஷ். இதில் எதை நாக்கில் வைப்பது? அதனால் அந்தப் பெண் மூன்று சைபர் நம்பர் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு, உதட்டால் நுனியைக் கூட்டி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். டப்பாவில் இருந்த முப்பது பிரஷும் ஒரு சுற்று அவள் வாய்க்குப் போய் வந்தன. இனி இவற்றை எவன் தலையில் கட்டுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பேர் எபநேசர். கோவில்பட்டியில் இருபத்தாறு வருஷமாகப் பெயிண்ட் கடை. எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கொஞ்சமில்லை, நிறையவே வரும் என்று என் மனைவி வேதமணி சொல்லுவாள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவள் என்பதால் அவள் சொல்வதுதான் கடையில் எடுபடும். அன்றைக்கும் நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாலேயே என்னை உட்காரவைத்துவிட்டாள்.

கடைசியில் அந்தப் பெண் ஒரே ஒரு பிரஷைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இது ஒண்ணுதான் ஒத்த முடியில வந்து கூடுது அண்ணாச்சி. மத்ததெல்லாம் நுனியில ரெண்டாப் பிரியுது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். எத்தனையோ வருஷமாக அதே பிரஷை விற்கிறேன். அதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. எதற்கு இது என்று மட்டும் விறைப்பாகக் கேட்டேன். ரோபோவுக்கு என்றாள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை போல என்று நினைத்தேன். அவள் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மழையில் நனைந்த உழவு நிலத்தைக் கடந்து வந்த பெரிய இரும்பு மனிதன் ஒருவன் நின்றான். முழங்கால்வரை சேறு. தோளில் வெயில்பட்டு வெளுத்த பெயிண்ட். ஏதோ சினிமாப் படம் என்று நினைத்துக்கொண்டு வேதமணியிடம் நீட்டினேன். "பின்னால பாருங்க அண்ணாச்சி, அது எங்க வீட்டு உழக்கு," என்றாள் அந்தப் பெண். அரிசி அளக்கிற அந்தச் சின்ன உழக்குக்கு அந்த இரும்பு மனிதன் ஒன்றரைப் பங்கு உயரம்தான் இருந்தான்.

அவள் பேர் முத்துசெல்வி. கழுகுமலைப் பாதையில் ஒரு ஊர். நாற்பது ஆடு, கொஞ்சம் மானாவாரி நிலம், மினி லாரி ஓட்டுகிற புருஷன். லீவுக்கு வந்த நாத்தனார் மகன் பாதியில் போட்டுவிட்டுப் போன ரோபோ பொம்மைப் பெட்டியில்தான் இந்தப் பித்து தொடங்கியிருக்கிறது. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். சட்டத்தில் காம்போடு காய் தொங்குவது போல நானூறு, ஐந்நூறு துண்டுகள். ஒவ்வொன்றாக நறுக்கி, காம்பு இருந்த இடத்தைத் தேய்த்து, ஒன்றில் ஒன்றைச் செருகிக்கொண்டே போனால் ஆள் எழுந்து நிற்பான். முதலில் நகவெட்டியால் நறுக்கியிருக்கிறாள். பிறகு வயர்மேன் கட்டர். அதில் அழுத்தம் தாங்காமல் வெட்டின இடம் வெளுத்துப் போகிறதாம். இப்போது ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள நிப்பர் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள். மருந்துக்கடையில் ஆபரேஷன் பிளேடு வாங்குகிறாள். தேய்க்க எண்ணூறு, ஆயிரம், கடைசியாக இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர், நம்பர் ஏற ஏற நைசாகிற உப்புத்தாள். கார் பெயிண்டர்களே என்னிடம் இரண்டாயிரம் கேட்பது குறைவு.

அடுத்து நிறம். சாம்பல் வேண்டும் என்றாள். ஷேட் கார்டை விரித்து வைத்தேன். அதில் சாம்பலே நாற்பத்திரண்டு உண்டு. நாற்பத்திரண்டையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதெல்லாம் அடுப்புச் சாம்ப அண்ணாச்சி. உசுரு இல்ல. எனக்கு மயிலை வேணும். மயிலைக் காளைக்குத் திமில் பக்கம் ஒரு கருக்கல் ஓடுமில்லா, முன்னங்கால்ல இறங்கி வயித்துல வெளுக்குமில்லா, அந்த மயிலை."

மாட்டு நிறத்தில் பெயிண்ட் கேட்ட முதல் ஆள் அவள்தான். நக்கலாக ஏதோ சொல்ல வந்தேன். ஆனால் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று தண்ணீரில் கரைகிற வெள்ளையை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கறுப்பைச் சொட்டினேன். போதும் என்றாள். இப்போது செவலை ஒரு துளி என்றாள். சாம்பலுக்குச் சிவப்பா என்று கேட்டேன். மயிலைக்குள்ளே செவலை ஒளிந்திருக்கும், வெயிலில் நின்றால்தான் தெரியும் என்றாள். விட்டேன் ஒரு துளி. கலக்கினேன். கிண்ணத்துக்குள் ஒரு மாடு எழுந்து வந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவில் நின்ற ஒரு காளையின் பேர்கூட ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை, எனக்குக் கை சிலிர்த்தது.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். எது வாங்கினாலும் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். பையில் சட்டத் துண்டுகள் நாலைந்து கிடக்கும். துண்டுகளை நறுக்கிய பிறகு மிச்சமாகும் வெறும் சட்டம். பிரைமர் என்றால் ஒரு துண்டில் அடித்துப் பார்ப்பாள். மாஸ்கிங் டேப் என்றால் ஒட்டி உரித்துப் பார்ப்பாள். அப்புறம்தான் வாங்குவாள். வேதமணி இதை மெச்சுவாள். எனக்கு இது கொஞ்சம் குத்தும். என் சரக்கைப் பற்றி என் வாய்வார்த்தை போதாதா என்ன?

ஆவணி கடைசியில் அவள் வந்தபோது முகமே வேறாக இருந்தது. குளத்தூர்க்காரர் ஒருவர், கிருஷ்ணராஜ் என்று பேர், கப்பலில் எஞ்சினியர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் இறங்கினபோது பெரிய பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆசையாக வாங்கினவருக்கு அதைத் திறக்கப் பயம். கப்பல் எஞ்சினையே கழற்றி மாட்டுகிறவருக்கு இந்தச் சின்னத் துண்டுகளைப் பார்த்தால் கை நடுங்குமாம். அந்த மாடலைக் கம்பெனியே இப்போது செய்வதில்லை. முத்துசெல்வி செல்போனில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்து பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கரிசலில் நடந்து வந்தவன் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன ஒரே கண்டிஷன். புரட்டாசி நடுவில் மறுபடி கப்பல் ஏறுகிறார். அதற்குள் முடிய வேண்டும்.

"இதுவரைக்கும் எங்க வீட்டுப் பொருளத்தான் செஞ்சேன். கெட்டாலும் என்னோட போச்சு," என்றாள். "இது ஊரான் பொருள். என்னைய நம்பி வெளியாளு குடுத்த முதப் பொருள் அண்ணாச்சி."

சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. முடிந்ததும் கடைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டளையே போட்டேன்.

அப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புரட்டாசி பிறந்து நாலைந்து நாள். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிற ஆட்கள் கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முத்துசெல்வி ஓரமாக நின்று கேட்டாள். மார்புத் தகடு ஒன்றில் அடித்த பெயிண்டில் புழுதி விழுந்துவிட்டதாம். அந்தப் பூச்சைக் கழற்ற வேண்டும். அவள் வழக்கமாக வைத்திருக்கிற திரவம் தீர்ந்துபோய்விட்டது. எங்கள் தின்னர் பிளாஸ்டிக்குக்கு ஆகுமா? கேட்டுக்கொண்டே பையிலிருந்து சட்டத் துண்டை எடுத்தாள். ஒரு சொட்டு விடச் சொன்னாள்.

அத்தனை ஆட்கள் முன்னால் எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, எங்கடையில வந்து எனக்கே பரீட்சை வைக்கியா? இருவத்தாறு வருசமா கார் பம்பருக்கு இதத்தான் ஊத்துதானுவ. பம்பர் பிளாஸ்டிக் இல்லாம பித்தளையா?"

வெள்ளையடிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி சொன்னால் சரிதான் என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போதாதென்று அவளையும் சேர்த்துக் கெடுத்தேன்.

மறுநாள் பதினொரு மணி பஸ்ஸில் வந்தாள். கர்ச்சீப்பில் பொதிந்து எதையோ கொண்டுவந்திருந்தாள். மேஜையில் வைத்து விரித்தாள். உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு தகடு. அதன் விளிம்பெல்லாம் வெயிலில் வைத்த கருப்பட்டி மிட்டாய் போல இளகி வழிந்திருந்தது. நுணுக்கமான கோடுகள் மழுங்கிப்போயிருந்தன. ஒரு மூலையே இல்லை. பூச்சு கழலட்டும் என்று தின்னரில் போட்டுவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவு நேரம்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். எவ்வளவு நேரம் போட்டாய், எதற்கு முக்கினாய், துணியில் தொட்டுத்தானே துடைக்க வேண்டும் என்று எகிறினேன். எகிறிக்கொண்டே தகட்டைப் பிடுங்கி இறுக்கிப் பிடித்தேன். வெளியே காய்ந்திருந்தாலும் நடுவில் இன்னும் நெகிழ்வு இருந்திருக்கிறது. தகட்டின் உள்பக்கத்தில் என் பெருவிரல் பதிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் ரேகை ரேகையாக அப்படியே இருந்தது.

முத்துசெல்வி ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. நீங்கள் சொல்லித்தானே செய்தேன் என்று அவள் கேட்டிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். வேதமணிதான் கல்லாவிலிருந்து சொன்னாள்.

"ஒரு சொட்டு விட்டுப் பாக்கச் சொன்னாளே. அப்பம் என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு?"

அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பம்பர் பிளாஸ்டிக் ஒரு ஜாதி, இது வேறு ஜாதி. பம்பரைத் தின்னரில் குளிப்பாட்டினாலும் ஒன்றும் ஆகாது. இது தின்னரைக் கண்டாலே கரைந்துவிடும். இருபத்தாறு வருஷம் பம்பரை மட்டுமே பார்த்தவன் உலகத்தில் பிளாஸ்டிக் என்றால் பம்பர்தான் என்று இருந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பொம்மைக் கடை எல்லாவற்றுக்கும் போன் போட்டேன். அந்த மாடல் பேரைச் சொன்னதுமே எல்லாரும் கையை விரித்தார்கள். கிருஷ்ணராஜ் வர ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் அவளே மறுபடி வந்தாள். அதே தின்னர் வேண்டும் என்றாள். தரமாட்டேன் என்றேன். இனிமேல் அந்தப் பாட்டிலை அவள் கையில் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

"தகட்டப் போட்ட கிண்ணத்துல ஒரு சொட்டு வழிஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி. காலையில பாக்கேன், கல்லு மாதிரி இறுகிப்போயிக் கெடக்கு. நகத்தால கீறுனா கீற மாட்டேங்குது. கரைஞ்சது எங்கயும் போகல. பிளாஸ்டிக்காத்தான் இருக்கு."

பையிலிருந்து அதே சட்டத் துண்டுகளை எடுத்தாள். மூடி உள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்று கேட்டாள். துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி அதில் போட்டு, மூழ்குகிற அளவு தின்னரை விட்டு மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கு நான் செய்யவிடாத பரீட்சையை என் கண் முன்னாலேயே செய்தாள். வேதமணி டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடித்து இன்னும் கொஞ்ச நேரம் போனதும் பாட்டிலுக்குள் கெட்டியான விழுது மாதிரி ஆகிவிட்டது. குச்சியால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். மத்தியானத்துக்குள் இறுகிவிட்டது. அதே நிறம், அதே பிளாஸ்டிக்.

ஏன் பட்டி வைத்து அடைக்கக் கூடாது என்று கேட்டேன். என்னிடம் ஐந்தாறு வகைப் பட்டி இருந்தது.

"கரிசல் வெடிச்சுக் கெடக்குன்னு செம்மண்ணக் கொண்டாந்து அடைப்பாகளா? ஒட்டாதுல்லா. அதே மண்ணு நனைஞ்சாத்தான் மூடும்," என்றாள்.

பாட்டிலை நானே இறுக்கி மூடி அவள் பையில் வைத்தேன். பிறகு, கிருஷ்ணராஜிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுவேன் என்றாள். சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், இனிமேல் எவனும் நம்பிக் கொடுக்க மாட்டான் என்றேன். தெரியும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேதமணியை வண்டியில் வைத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழைக்கு முன்னால் விதைத்துவிட வேண்டுமென்று அங்கங்கே டிராக்டர் ஓடி ஒரே புழுதி. இந்தப் புழுதிக்கு நடுவில் எப்படிப் பெயிண்ட் அடிக்கிறாள் என்பது எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

போய்ப் பார்த்தால் வீட்டு மூலையில் கொசுவலை கட்டியிருந்தாள். அதற்குள்தான் பட்டறை. தரையெல்லாம் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியிருந்தாள், புழுதி எழும்பாது. பேனா அளவுக்கு, காற்றால் பெயிண்டைத் தூவுகிற ஒரு ஏர் பிரஷ். அதிலிருந்து ஒரு குழாய் வலைக்கு வெளியே போய் மினி லாரி ஸ்டெப்னி டயரில் முடிந்தது. இடையில் காற்றைக் குறைத்துக் கூட்ட ஒரு திருகு. புருஷன் பெட்ரோல் பங்க்கில் காற்று நிரப்பிக்கொண்டுவந்து கொடுப்பாராம். கம்ப்ரசர் வாங்கக் கூடாதா என்றேன். அந்தச் சத்தத்துக்கு ஆடு மிரளும், குட்டிக்குப் பால் விடாது என்றாள். நான் கம்ப்ரசர் விற்கிறவன். ஸ்டெப்னி டயரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

தகடு அப்போது பாதி வளர்ந்திருந்தது. விழுதைக் கொஞ்சம் வைப்பாள். ஊசியால் குத்திக் குமிழியை உடைப்பாள். அது காய்ந்து சுண்டும். மறுபடி வைப்பாள். இப்படி நாலு நாளாகச் செய்திருக்கிறாள். இல்லாமல் போன மூலை திரும்ப வந்திருந்தது. ஆனால் அது வெறும் கட்டிதான். அதன் மேல் இருக்க வேண்டிய சரிவு, பள்ளம், மயிரிழைக் கோடு எல்லாவற்றையும் இனிமேல் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். பார்த்துச் செய்ய ஒரு மாதிரி வேண்டுமே. உருகினது வலது மார்பு. கையில் இருப்பது இடது. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர்.

அவள் பொட்டு வைக்கிற கைக்கண்ணாடியை எடுத்தாள். இடது தகட்டின் பக்கத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி மண் உருண்டையால் முட்டுக் கொடுத்தாள்.

"உள்ள பாருங்க அண்ணாச்சி."

குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் வலது மார்பு இருந்தது. ஒரு கோடுகூடக் குறையாமல், உருகாமல், முழுசாக இருந்தது. என் தின்னர் தொட முடியாத இடத்தில் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, ஆபரேஷன் பிளேடால் இழை இழையாகச் சீவினாள். சீவினது கண்ணுக்கே தெரியவில்லை; ஊதினால் பறந்தது. கை அசைகிறதா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. வெளியே ஆடுகள் கத்தின. அவள் தலை நிமிராமலே, அந்தக் கறுப்பிக்குக் கயிறு காலில் சுற்றியிருக்கிறது என்று வேதமணியிடம் சொன்னாள். வேதமணி போய்ப் பார்த்தாள். நாற்பதில் அது ஒன்றுக்குத்தான் சுற்றியிருந்தது.

வண்டியை ஊரைப் பார்த்துத் திருப்பினேன். கோவிலுக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கே இன்னொரு கோவிலுக்கும் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. வேதமணிக்கு என் வாய் மூடியிருந்ததே பெரிய அதிசயம்.

கிருஷ்ணராஜ் வருகிற நாள் வந்தது. என் கடைக்கே வரச் சொல்லியிருந்தாள். காலை பத்து மணி. முத்துசெல்வி ஒரு அட்டைப்பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தார். ஐம்பது வயது, வெயிலில் கறுத்த ஆள். பெட்டியைப் பார்த்ததும் அவருக்குச் சின்னப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தது. கையை நீட்டினார். அவள் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"தொறக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும் சார். ஒரு துண்டு எங்கையில உருகிப்போச்சு. நானாத்தான் திரும்பச் செஞ்சு வச்சிருக்கேன்."

அவர் கை அப்படியே நின்றது. மலர்ந்த முகம் சுருங்குவதைப் பார்த்தேன். பதினோரு வருஷம் திறக்காமல் காப்பாற்றியவர் அல்லவா? அவள் தலை குனியவில்லை. ஆனால் பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"உருக்குனது அவ இல்ல சார், நான்," என்றேன். "சோதிச்சுப் பாக்கணும்னு சொன்னா. நாந்தான் விடல. தப்பு எம் பேர்ல."

என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில் வேதமணி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டாள்.

கிருஷ்ணராஜ் பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே பருத்திப் பஞ்சு. விதை எடுக்காத எங்கள் ஊர்ப் பருத்தி. பஞ்சை விலக்கி அவனைத் தூக்கி மேஜையில் நிறுத்தினார்.

பாகம் பாகமாகப் பார்த்தவன்தான் நான். முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். தோளில் கருக்கல் இறங்கி, மார்பில் ஓடி, வயிற்றில் வெளுத்த மயிலை. மூட்டுக்கு மூட்டு நிழல். முழங்காலுக்குக் கீழே நிஜக் கரிசல். ஆட்டுத்தடத்தில் எடுத்து, வேட்டித் துணியில் சலித்து ஒட்டவைத்த மண். பாதத்தில் அது காய்ந்து வெடித்துக்கூட இருந்தது. அவன் எங்கள் ஊரில் நடந்து, எங்கள் வெயிலில் காய்ந்து வந்திருந்தான். கடைக்கு வந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஓசையில்லாமல் வந்து நின்றார்கள். என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை.

"எந்தத் துண்டு?" என்று கிருஷ்ணராஜ் கேட்டார்.

கேட்டுவிட்டு, அவள் சொல்வதற்குள் தானே தேடத் தொடங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதுகைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மார்புத் தகட்டில் விரலை வைத்து, இதுதான் சார், என் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னேன்.

"அது கம்பெனி செஞ்சது அண்ணாச்சி," என்றாள் முத்துசெல்வி.

வேதமணி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே நிற்கிறவனுக்கு இடது எது, வலது எது என்று குழம்பிவிட்டேன் போல. இரண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எது பெட்டியில் வந்தது, எது அவள் கையில் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அவள் நகத்தால் மற்ற தகட்டை நெம்பி எடுத்தாள். திருப்பி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். உள்பக்கம் என் பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது. அதைத் தேய்க்கவும் இல்லை, பெயிண்ட் அடிக்கவும் இல்லை.

"வெளிப்பக்கம் சாருக்கு. அத ஒரு குறை இல்லாமத்தான் குடுக்கணும். உள்பக்கம் நடந்தது நடந்தபடி இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதையும் அழிச்சா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

கிருஷ்ணராஜ் அந்தத் தகட்டை வாங்கினார். நெடுநேரம் ரேகையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் நான் முயலவில்லை. அவர் தகட்டைத் திருப்பி, அதன் இடத்தில் பொருத்தி, பெருவிரலால் தானே அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது. பதினோரு வருஷமாக ஒரு துண்டைத் தொடப் பயந்த மனுஷன் தன் கையால் மாட்டிய முதல் துண்டு அது.

"வீட்டுல இன்னும் ரெண்டு பெட்டி கெடக்கும்மா," என்றார். "நாளைக்கே கொண்டாறேன். நான் திரும்பி வரதுக்கு எட்டு மாசம் ஆகும். மெதுவாச் செய்யுங்க."

முத்துசெல்வி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன பிறகு, இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் பத்துத் தாள் வேண்டும் என்றாள். வேதமணி அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. மழைக்கு ஒதுங்கின ஒருவர் கடைக்குள் வந்து, தின்னர் பாட்டிலை எடுத்துக் காட்டி, இது பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஆகுமா அண்ணாச்சி என்று கேட்டார். என் வாய் வழக்கம்போலத் திறந்தது. மேஜையில் ஊன்றியிருந்த என் பெருவிரலைப் பார்த்தேன்.

"தெரியாதுய்யா," என்றேன். "நாற்காலியக் கொண்டாங்க. அடியில ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."